மஞ்சள் ஷூவைப் பார்த்துச் சிரிப்பவர்கள்

ஆன்டன் செகாவின் 'செர்ரித் தோட்டம்' நாடகத்தில், முதல் அங்கத்திலேயே, ஒரு புத்தக அலமாரிக்குப் பாராட்டுரை நடக்கும். காயெவ் என்கிற நிலக்கிழார் அதன் கீழ் இழுப்பறையை ஒருநாள் உருவிப் பார்த்திருக்கிறார். சூடு போட்டுப் பதித்த எண்கள் அதில் இருந்திருக்கின்றன. கணக்குப் பார்த்தால் அலமாரிக்குச் சரியாக நூறு வயது. மனிதர் அதன் முன்னால் நின்று, நூறு வருடமாக நன்மைக்கும் நீதிக்கும் துணை நின்றதற்காக அந்த மரச்சாமானுக்குக் கண் கலங்க நன்றி சொல்கிறார். வீடும் தோட்டமும் ஆகஸ்ட் 22-ஆம் தேதி ஏலத்துக்குப் போகப்போகின்றன. வட்டி கட்டக் கையில் காசில்லை. சமையல்கட்டில் வயசான வேலைக்காரர்களுக்குப் பட்டாணியைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. இருந்தாலும் அலமாரிக்கு உரை உண்டு.

கோத்தகிரிப் பக்கம் வளர்ந்த எனக்கு இந்த அலமாரி புதிதில்லை. 'ஹெரிடேஜ் பங்களா' என்று பலகை மாட்டிய எந்த விடுதிக்குள் நுழைந்தாலும் அது அங்கே நிற்கும். தேக்கோ ஈட்டியோ, கண்ணாடிக் கதவு, துரை விட்டுப்போன புத்தகங்கள், பக்கத்தில் கணப்பு, மேலே பாடம் பண்ணிய காட்டெருமைத் தலை. சுற்றிக் காட்டுகிறவர் அலமாரியின் வயதைச் சொல்வார். பியானோ எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்வார். அந்தப் பியானோவைக் கீழேயிருந்து மலைமேல் ஏற்றியது யார், அத்தனை வருடம் அலமாரியைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கியது யார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

எங்கள் நாடகக் குழுவில் ஆசிரியர்கள், தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலந்து இருக்கிறோம். செகாவை மேடையேற்றலாம் என்று நான் சொன்னபோது, ரஷ்யா எங்கே நம்ம ஊர் எங்கே என்று தயங்கினார்கள். கதையைச் சொன்னதும் தயக்கம் போய்விட்டது. பரம்பரைச் சொத்து கடனில் மூழ்குகிறது. தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, கோடைக்கு வந்து தங்குகிறவர்களுக்கு வீடு கட்ட விடலாம் என்று ஒருவர் யோசனை சொல்கிறார். சொத்துக்காரர்களுக்கு அது கேவலமாகப் படுகிறது. கடைசியில் யோசனை சொன்னவரே ஏலத்தில் எடுத்துவிடுகிறார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அந்தப் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்கள். "டீச்சர், இது நம்ம ரோட்டோரத்து ப்ளாட் போர்டு கதைதானே" என்றான் ஒரு பையன். அதே கதைதான்.

சண்டை வந்தது வேறொரு இடத்தில். தோட்டத்தை வாங்கும் அந்த வியாபாரி, லொபாகின், எந்த உடையில் மேடைக்கு வருவது? பிள்ளைகளுக்குச் சந்தேகமே இல்லை. கழுத்தில் தடிமனான செயின், கூலிங் கிளாஸ், மொடமொட வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். "வந்து நின்னாலே சனம் சிரிச்சிடும் டீச்சர்." சிரிக்கும்தான். அந்தச் சிரிப்பு வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று குழுவில் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். ஆடம்பரத்தையும் போலி அந்தஸ்தையும் கேலி செய்கிற நாடகத்தில் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்?

புதுப் பணக்காரனைக் கேலி செய்வது மேடைக்குப் பழகிப்போன வேலை. 1670-ல் மோலியேர், பிரபுவாக ஆசைப்பட்ட துணி வியாபாரியின் மகனை மேடையேற்றினார். ஆடத் தெரியாமல் ஆடி, வாள் பிடிக்கத் தெரியாமல் பிடித்து, வாத்தியார்களுக்குக் காசைக் கொட்டும் ழூர்தேன். அந்த நாடகம் முதலில் நடந்தது சாம்போர் மாளிகையில், பதினான்காம் லூயி மன்னர் முன்னால். மன்னரோடு உட்கார்ந்து சிரித்தவர்கள் பிறப்பிலேயே பிரபுக்கள். அவர்கள் ஏன் சிரிக்கமாட்டார்கள்? நம் இடத்துக்கு வரப் பார்க்கிறான், வரத் தெரியவில்லை என்கிற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருக்கிறது. மோலியேர் கெட்டிக்காரர். ழூர்தேனிடம் கடன் வாங்கியே பிழைக்கும் ஒரு பிரபுவையும் உள்ளே வைத்தார். ஆனாலும் வீட்டுக்குப் போகும்போது மனதில் நிற்பது ழூர்தேனின் கோமாளித்தனம்தான்.

1895-ல் ஆஸ்கர் வைல்ட் ஒரு படி மேலே போனார். அவருடைய நாடகத்தில் லேடி பிராக்னெல் என்கிற சீமாட்டி, மாப்பிள்ளை ஆக வந்தவனை உட்கார வைத்துக்கொண்டு, நோட்டும் பென்சிலுமாக வருமானத்தை விசாரிப்பார். நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலத்தில் பெரியவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பதை அந்த அம்மாள் நேராகவே கேட்கிறார். லண்டனில் அவன் வீடு நல்ல சதுக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் கதவு எண் 149 என்றதும், அது நாகரிகமில்லாத பக்கம் என்று முகம் சுளிக்கிறார். இங்கே கேலி மேல்தட்டின் மீதே விழுகிறது. ஆனால் பேசுகிறவர்கள் எல்லாரும் அழகாகப் பேசுகிறார்கள். அந்த அழகில் மயங்கி, பார்க்க வந்த மேல்தட்டும் வலிக்காமல் சிரித்துவிட்டுப் போகலாம்.

நம் சபா நாடகங்களைப் பாருங்கள், டிவி சீரியல்களைப் பாருங்கள். உடைந்த ஆங்கிலம் பேசும் புதுப் பணக்கார மாமி, பட்டணத்துக்கு வந்து திருதிருவென்று முழிக்கும் கிராமத்து மைனர், எஜமானைப் போல உடுத்த ஆசைப்படும் வேலைக்காரன். தப்பாகச் சொன்ன ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அரங்கம் அதிரும். சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள், தெரியாதவர்களும் தெரிந்ததுபோலச் சேர்ந்து சிரிக்கிறார்கள். போலித்தனத்தைக் கேலி செய்யப் புறப்பட்ட நாடகம், பார்வையாளர்களையே போலியாகச் சிரிக்க வைத்துவிடுகிறது. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவரைச் சுற்றி இருந்தவர்கள் படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள், வசதிக்காரர்கள். அவரே வக்கீலாக இருந்து பிறகு நீதிபதியானவர். அப்படிப்பட்டவர் 'சபாபதி'யில் வேலைக்காரனுக்கு வைத்த பெயரையே எஜமானுக்கும் வைத்தார். ஜமீன் வீட்டுப் பிள்ளையும் சபாபதி, அவனுடைய ஏவலாளும் சபாபதி. இரண்டு பேரில் யார் பெரிய அசடு என்று முடிவு செய்வது கஷ்டம். வசதிக்காரர்களை முன்வரிசையில் உட்கார வைத்துக்கொண்டு அதைச் செய்யத் துணிச்சல் வேண்டும்.

செகாவிடம் வருகிறேன். அவருடைய தாத்தா பண்ணையடிமையாகப் பிறந்தவர். பாடுபட்டுக் காசு சேர்த்து, 1841-ல் குடும்பத்தை விலை கொடுத்து மீட்டவர். செகாவின் அப்பா டாகன்ரோக் என்கிற ஊரில் மளிகைக்கடை வைத்திருந்தார். அந்த வீட்டுப் பையன் எழுதும்போது, அடிமையின் மகனான வியாபாரி கோமாளியாக வரமாட்டான். மாஸ்கோ கலை அரங்கில் 1904 ஜனவரியில் நாடகம் அரங்கேறுவதற்கு முன்பே, லொபாகின் எல்லா வகையிலும் கண்ணியமான மனிதர், சில்லறைத்தனம் இல்லாமல் நடிக்க வேண்டும் என்று செகாவ் கடிதம் எழுதினார். நாடகத்தை இயக்கிய ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே அந்த வேடத்தைப் போட வேண்டும் என்று செகாவ் ஆசைப்பட்டார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கி எடுத்துக்கொண்டதோ அலமாரிக்கு உரையாற்றும் காயெவ் வேடத்தை. எழுதியவர் நகைச்சுவை என்றார், இயக்கியவர் அழுகைக் கதையாகப் பார்த்தார். இரண்டு பேருக்கும் இருந்த அந்த வருத்தம் பிரசித்தம். செகாவ் அதே வருடம் ஜூலையில் காலமாகிவிட்டார்.

லொபாகின் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வார்: வெள்ளை வெய்ஸ்ட்கோட்டும் மஞ்சள் ஷூவும் போட்டாலும் உள்ளே நான் விவசாயிதான். புத்தகத்தை விரித்தபடி தூங்கிப்போனேன், ஒன்றும் புரியவில்லை. இதை அவர் மறைக்கவில்லை. நாடகத்திலேயே பாசாங்கு குறைவானவர் அவர்தான். கணக்கு சொல்கிறவரும் அவர் ஒருவர்தான். ஒரு தெஸ்யத்தீனா, அதாவது சுமார் இரண்டே முக்கால் ஏக்கர், வருடத்துக்கு 25 ரூபிள் குத்தகை. மொத்தத்தில் வருடம் 25,000 ரூபிளாவது வரும், சொத்தும் கையை விட்டுப் போகாது. திரும்பத் திரும்பச் சொல்கிறார். காயெவின் சகோதரியும் சொத்துக்காரியுமான ரனேவ்ஸ்கயா அம்மாள், கோடை வீடுகளா, கோடைக்காரர்களா, மன்னிக்கணும், ரொம்பத் தரக்குறைவு என்கிறார். காயெவ் பதிலுக்கு பில்லியர்ட்ஸ் பந்தை எந்த மூலைக்குத் தள்ளுவது என்று முணுமுணுக்கிறார். சங்கடம் வரும்போதெல்லாம் அவருக்கு பில்லியர்ட்ஸ்தான் புகலிடம். 1882-ல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் ஸ்னூக்கரின் விதிகள் எழுதி மாட்டப்பட்டன என்று எங்கள் மாவட்டத்தில் பெருமையாகச் சொல்வார்கள். ஒத்திகையில் இந்த இடம் வரும்போதெல்லாம் அந்தப் பெருமை எனக்கு ஞாபகம் வரும்.

'தரக்குறைவு' என்கிற அந்த முகச்சுளிப்பை நீலகிரியில் தினமும் கேட்கலாம். மே மாத சீசனில் மலைப்பாதை அடைத்துக்கொள்கிறது. 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்று உயர்நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று. சரிவுகளை ஜேசிபி வைத்து வெட்டுகிறார்கள். இவையெல்லாம் உண்மை, எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் இதைப் பற்றி அங்கலாய்ப்பவர்களில் பலர் 'அந்தக் காலத்து ஊட்டி'யைச் சொல்லிப் பெருமூச்சு விடும்போது எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காலத்து ஊட்டி என்பது என்ன? கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களின் தொடக்கத்தில் ஸ்டோன்ஹவுஸ் என்கிற பங்களாவைக் கட்டினார். பின்னால் சென்னை மாகாண அரசாங்கமே கோடைக்கு மலையேறி வந்தது. கீழே வெயில் தாங்காதவர்கள் தோடர்களின் மேய்ச்சல் புல்வெளியில் கோடை வீடு கட்டிக்கொண்டார்கள். இன்று நாம் பாரம்பரியம் என்று படம் பிடிக்கிற பங்களாக்கள் அன்றைய வில்லாக்கள். முதலில் வந்த கோடைக்காரரின் வீட்டுக்குப் பாரம்பரியம் என்று பெயர், பின்னால் வந்த கோடைக்காரரின் வீட்டுக்குத் தரக்குறைவு என்று பெயர். நடுவில் சோலைக்காடு போய்த் தேயிலை வந்தது. பச்சைத் தேயிலைக்கு விலை கட்டுப்படியாகாத சிறு விவசாயி, இன்று சென்ட் கணக்கில் விற்றுவிட்டுப் போகிறார். நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள் வரும். ரிசார்ட்டில் ஒரு கோப்பைத் தேநீருக்கு வாங்குகிற காசைப் பார்த்தால், ஒரு கிலோ பச்சை இலைக்கு அவர் வாங்குவது ஒன்றுமே இல்லை. அவரைப் பார்த்து மலையை விற்றுவிட்டான் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

லொபாகின் வேடம் போட்டவர் எங்கள் குழுவில் இலை ஏஜெண்ட். காலையில் பிக்கப் வண்டியில் ஹட்டி ஹட்டியாக, அதாவது மலைக் கிராமம் கிராமமாகப் போய் இலை எடை போட்டு ஃபேக்டரிக்கு அனுப்புகிறவர். அவருடைய அப்பா ஒரு எஸ்டேட்டில் கவாத்து வேலை பார்த்தவர், குடும்பம் எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் இருந்தது. உடைச் சண்டை நடந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் ஒத்திகைக்கு வரும்போது தன் கல்யாண பேண்ட் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தார். "அக்கா, இது போதும். ஏலத்துக்குப் போறவன் இருக்கிறதுல நல்லதைத்தான் போட்டுட்டுப் போவான்" என்றார். மஞ்சள் ஷூ மட்டும் புதிதாக வாங்கினோம். சட்டையின் மடிப்புக் கோடு தோளிலிருந்து மணிக்கட்டு வரை கத்தி போல நின்றது. அதைக் கசங்காமல் காப்பாற்ற, கையைக் கொஞ்சம் விலக்கியே வைத்துக்கொண்டு நடந்தார். அந்த நடையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எத்தனை ஒத்திகை வைத்திருந்தாலும் என்னால் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது.

மூன்றாம் அங்கம்தான் நாடகத்தின் உயிர். ஏலம் நடக்கிற நாளில் ரனேவ்ஸ்கயா அம்மாள் வீட்டில் வாத்தியம் வைத்து நடனம் நடத்துகிறார். யாரோஸ்லாவல் என்கிற ஊரிலிருந்து சித்தி அனுப்பிய 15,000 ரூபிளை வைத்துக் காயெவ் ஏலம் கேட்கப் போயிருக்கிறார். அது வட்டிக்கே காணாது. லொபாகின் திரும்பி வந்து, கடனுக்கு மேலே 90,000 வைத்து நான் வாங்கிவிட்டேன் என்கிறார். அப்பாவையும் தாத்தாவையும் சமையல்கட்டுக்குள்கூட விடாத வீட்டை வாங்கிவிட்டேன் என்கிறார். இந்த இடத்தில் எங்கள் ஆள் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார், பாதி நம்பாதவர் மாதிரி. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். விசில் சரிதான். அந்தக் கணத்தில் நியாயம் அவர் பக்கம்.

ஆனால் செகாவ் அதோடு விடமாட்டார். அடுத்த நிமிடமே லொபாகின் மேசையில் இடித்துக்கொள்கிறார். மெழுகுவத்தித் தண்டு விழப் பார்க்கிறது. எல்லாவற்றுக்கும் நான் காசு கொடுக்கிறேன் என்கிறார். இதுவரை கணக்கு சொன்ன மனிதர், முதல்முறையாகக் காசைக் காட்டுகிறார். நான்காம் அங்கத்தில் பழைய சொத்துக்காரர்கள் வண்டி ஏறுவதற்குள்ளேயே கோடரிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். அம்மா போகும்வரையாவது நிறுத்தச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டியிருக்கிறது. இதே மனிதர்தான், கசகசா விதைத்து 40,000 சம்பாதித்ததைச் சொல்லும்போது, பூத்து நின்ற அழகைச் சொல்லி உருகுகிறார். அழகு தெரியாதவர் இல்லை. வெட்டுகிற கை அவருடையது என்பதும் உண்மை. கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டிருந்தால் இந்த இரண்டில் ஒன்றுகூடப் பார்வையாளருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. பணம் ஒரு நல்ல மனிதரை என்ன செய்கிறது என்று காட்ட வேண்டுமானால், முதலில் அவர் நல்ல மனிதராகத் தெரிய வேண்டும்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேலைக்காரர்கள் வருகிற காட்சிகள். எஜமானியோடு பாரிஸ் போய் வந்த யாஷாவுக்கு இப்போது ரஷ்யாவில் எதுவும் பிடிப்பதில்லை. லொபாகின் பாட்டில் எட்டு ரூபிள் கொடுத்து வாங்கி வந்த ஷாம்பெயினைக் குடித்துவிட்டு, இது அசல் இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறான். அவனுடைய அம்மா கிராமத்திலிருந்து வந்து நேற்றிலிருந்து காத்திருக்கிறாள். நாளைக்கு வந்திருக்கலாமே என்கிறான். வேலைக்காரனைப் பார்த்துச் சிரிக்கும் பழைய பழக்கம் இங்கே உள்ளே வந்துவிடுமோ என்று பயந்தேன். வரவில்லை. காரணம், யாஷா செய்கிற ஒவ்வொன்றையும் ரனேவ்ஸ்கயா அம்மாள் முன்னாலேயே செய்துவிட்டார். அவரும் பாரிஸையே நினைக்கிறார், அவரும் வீட்டில் பட்டினி கிடக்க வழிப்போக்கனுக்குத் தங்கக் காசு கொடுக்கிறார். சித்தி சொத்து வாங்க அனுப்பிய பணத்தையே எடுத்துக்கொண்டு பாரிஸ் போகிறார். அம்மாள் செய்தால் பெருந்தன்மை, யாஷா செய்தால் திமிர் என்று நாம் எடுத்துக்கொள்கிறோமே, அந்த இடத்தில் செகாவ் நம்மைப் பிடிக்கிறார்.

கிழவர் ஃபிர்ஸ் இன்னும் கஷ்டம். 1861-ல் அடிமைகளுக்கு விடுதலை வந்ததை அவர் 'அந்தக் கஷ்டகாலம்' என்றுதான் சொல்வார். என் தாத்தா ஒரு பங்களாவில் பட்லராக இருந்தவர். பித்தளைப் பட்டன் வைத்த வெள்ளைக் கோட்டு ஒன்று அவருக்கு உண்டு. பாட்டி அதற்குக் கஞ்சி போட்டு, பட்டன்களைப் புளி வைத்துத் தேய்த்துத் தருவாள். முள்கரண்டி எந்தப் பக்கம், சூப் கரண்டி எந்தப் பக்கம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். வீட்டில் முள்கரண்டியே கிடையாது. இலை பறிக்கிறவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார மாட்டார். துரையின் அந்தஸ்து கொஞ்சம் தன் மேலும் ஒட்டியிருக்கிறது என்று நம்பினார். அவர் மீது எனக்குப் பிரியம் அதிகம். அந்த நம்பிக்கையில் அவருக்கு ஒரு காசு லாபமும் இல்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. நாடகத்தில் ஃபிர்ஸ் சொல்வார், அந்தக் காலத்தில் செர்ரியை உலர்த்தி, ஊறவைத்து, ஜாம் போட்டு, வண்டி வண்டியாக மாஸ்கோவுக்கு அனுப்புவோம் என்று. அந்தப் பக்குவம் இப்போது எங்கே என்று கேட்டால், மறந்துபோய்விட்டார்கள், யாருக்கும் ஞாபகமில்லை என்பார். தோட்டம் பிழைக்க வழி இருந்த ஒரே இடம் அது. அலமாரியின் வயதைத் தேடிக் கண்டுபிடித்த குடும்பம், ஃபிர்ஸின் கைப்பக்குவத்தை எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டு, கடைசியில் அவரை வீட்டுக்குள் வைத்தே பூட்டிவிட்டுப் போகிறார்கள்.

நாடகம் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது. ஹட்டியிலிருந்தும் லைனிலிருந்தும் சனம் வந்திருந்தது. முடிந்தபின் பேசலாம் என்று உட்கார்ந்தோம். நடிப்பைப் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒரு பெரியவர் எழுந்து, "எல்லாம் சரிம்மா. அத்தனை வீடு கட்டினா தண்ணிக்கு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். லொபாகின் இன்னும் மேக்கப் கலைக்காமல் நின்றிருந்தார். "ஐயா, பக்கத்துலயே ஆறு ஓடுதுன்னு முதல் சீன்லயே சொல்றேனே" என்றார். "ஆறு ஓடும். மரத்தை வெட்டின பிறகும் ஓடுமா?" என்றார் பெரியவர். கோத்தகிரிப் பக்கத்து லாங்வுட் சோலைக்காட்டிலிருந்து தண்ணீர் வாங்குகிற ஊர்க்காரர் அவர். அதன்பிறகு பேச்சு செகாவை விட்டு விலகி, ஊற்று எது எது வற்றிவிட்டது, எந்தச் சரிவில் எவர் போர்வெல் போட்டார் என்று போய்க்கொண்டே இருந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

அடுத்த முறை குன்னூர்ப் பக்கம் போடுகிறோம். செகாவ் எழுதாத ஒரு வரியையும் சேர்ப்பதாக இல்லை. மூன்றாம் அங்கம் முடிந்ததும் இடைவேளை விட்டு, லொபாகினை மட்டும் மேடையிலேயே அந்தச் சட்டையோடு உட்கார வைக்கப்போகிறோம். கேட்க வேண்டியதை அவரிடமே நேராகக் கேட்கட்டும். தண்ணீருக்கு என்ன சொல்வது என்று அவர் இப்போதே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.